அச்சேறிய போரிஸ், அச்சேறாத போரிஸ்

ரஷ்ய இசையமைப்பாளர் முசோர்க்ஸ்கியின் ‘போரிஸ் கோதுனோவ்’ ஓபராவைக் கேட்டதாக யாராவது சொன்னால், எந்தப் போரிஸ் என்று கேட்காமல் என்னால் பேச்சைத் தொடர முடிவதில்லை. இது வீண் பண்டிதத்தனமாகத் தோன்றலாம். ஆனால் இந்த ஒரே பெயரில் வழங்கும் படைப்பு ஒரு பதிப்பில் ஏழு காட்சிகள் கொண்டது, இன்னொன்றில் ஒன்பது. ஒன்றில் மன்னனின் சாவோடு திரை விழுகிறது. இன்னொன்றில் அவன் செத்த பிறகும் கதை நிற்காமல், கிரோமி என்ற ஊருக்கு அருகே காட்டுவெளியில் கலகம் செய்யும் மக்களிடம் போய், அங்கே தனியே விடப்பட்ட ஒரு பித்தனின் புலம்பலில் முடிகிறது. ஒன்றில் வாத்தியக்குழு வற்றி இறுகி ஒலிக்கிறது. இன்னொன்றில் அதே சுரங்கள் பளபளக்கின்றன. இவற்றுள் எது முசோர்க்ஸ்கி எழுதியது, எது பிறர் எழுதியது என்ற கேள்விக்கு விடை காண, இசைத்தட்டுகளைக் காட்டிலும் அச்சான ஸ்கோர்களின், அதாவது இசைக்குறிப்புப் பிரதிகளின், வரலாறே அதிகம் உதவுகிறது. சில ஆண்டுகளாக இந்தப் பதிப்புகளை ஒவ்வொன்றாகத் தேடிப் பக்கம் பக்கமாக ஒப்பிட்டு வருகிறேன். அதில் எனக்கு உறுதிப்பட்ட ஒரு கருத்தைச் சொல்லவே இந்தக் கட்டுரை: இந்த ஓபராவின் தலைவிதியைத் தீர்மானித்தது தணிக்கையோ, விமர்சகர்களோ, முசோர்க்ஸ்கியின் நண்பரான இசையமைப்பாளர் ரிம்ஸ்கி-கோர்சகோவின் திருத்தும் ஆர்வமோ அன்று, பாடலும் பியானோச் சுருக்கமும் கொண்ட அதன் பியானோ ஸ்கோர் 1874-இல் அச்சாகி, எல்லா வாத்தியங்களுக்கும் உரிய முழு ஸ்கோர் அச்சாகாமல் போனதுதான்.

முதலில் கதையின் தொடக்கத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1598 முதல் 1605 வரை ரஷ்யாவை ஆண்ட போரிஸ், சிறுவனான இளவரசன் திமித்ரியை 1591-இல் உக்லிச் நகரில் கொல்லச் செய்தான் என்ற பழியையும், பின்னாளில் ‘நானே திமித்ரி’ என்று கிளம்பிய ஒரு துறவியின் எழுச்சியையும் வைத்துப் புஷ்கின் 1825-இல் ஒரு நாடகம் எழுதினார். வரலாற்றாசிரியர் விளதீமிர் நிக்கோல்ஸ்கியின் யோசனையின் பேரில், 1868 இலையுதிர் காலத்தில் முசோர்க்ஸ்கி அதை ஓபராவாக்கத் தொடங்கினார். அப்போது அவருக்கு 29 வயது. அரசாங்க அலுவலகம் ஒன்றில் குமாஸ்தா வேலை. ஓராண்டுக்குச் சற்றுக் கூடுதலான காலத்தில், 1869 டிசம்பரில், முழு ஸ்கோரையும் முடித்துவிட்டார். இதுவே ஏழு காட்சிகள் கொண்ட முதல் வடிவம். புஷ்கினின் வரிகளை வெட்டி ஒட்டி, பேச்சின் ஏற்ற இறக்கத்தையே மெட்டாக்கி, அவர் எழுதிய இந்த வடிவத்தைப் பேரரசு நாடக அரங்குகளின் குழு 1871 பிப்ரவரியில் ஆறுக்கு ஒன்று என்ற வாக்கில் நிராகரித்தது. முக்கியமான பெண் பாத்திரம் இல்லை என்பது அன்று சொல்லப்பட்ட பெரிய குறை.

இந்த இடத்தில் பலர் செய்யும் சுருக்கம் எனக்கு உடன்பாடில்லை. குழு பெண் பாத்திரம் கேட்டது, முசோர்க்ஸ்கி போலந்தில் நடக்கும் அங்கத்தைச் சேர்த்துக் கொடுத்தார், அவ்வளவுதான் என்று நிகழ்ச்சிக் கையேடுகள் எழுதுகின்றன. அது உண்மையானால், அவர் இரண்டு காட்சிகளை மட்டும் ஒட்டிவிட்டு மற்றவற்றைத் தொடாமல் விட்டிருக்கலாம். இரு வடிவங்களின் ஸ்கோர்களையும் அருகருகே விரித்துப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது. அரசனின் மாளிகை அறைக் காட்சியை அவர் ஏறத்தாழ முழுவதுமாகவே புதிதாக எழுதியிருக்கிறார். பிள்ளைகளின் கைதட்டு விளையாட்டுப் பாட்டு, கிளியைப் பற்றிய கதை, மணியடிக்கும் கடிகாரம் எல்லாம் அப்போது வந்து சேர்ந்தவை. போரிஸின் பெரிய தனிமொழிக்கு, தாம் பாதியில் கைவிட்ட ‘சலாம்போ’ ஓபராவிலிருந்து நீண்ட மெட்டொன்றை எடுத்துப் பொருத்தினார். முதல் வடிவத்தில் உரைநடை போல உலர்ந்திருந்த அந்தப் பகுதி பாட்டாகிவிட்டது. விடுதிக்காரியின் வாத்துப் பாட்டும் புதியது. முதிய துறவி பீமெனின் அறையில் உக்லிச் கொலையை விவரிக்கும் நீண்ட பகுதி நீக்கப்பட்டது. புனித பசீல் தேவாலயத்து முற்றக் காட்சியை முழுதாக எடுத்துவிட்டு, அதிலிருந்த பித்தனையும் அவனிடம் காசு பிடுங்கும் சிறுவர்களையும் புதிய கிரோமிக் காட்சிக்குக் கொண்டுபோனார். இவற்றில் பெரும்பாலானவற்றை எந்தக் குழுவும் கேட்கவில்லை. ஒரு கலைஞன் தன் படைப்பைத் தானே மறுபடி யோசித்ததன் விளைவு இது. 1869-இன் வடிவமும் 1872-இன் வடிவமும் ஒன்றின் முன்வரைவும் செம்பிரதியும் அல்ல, தனித்தனியான இரண்டு ஓபராக்கள்.

அந்தத் திருத்தக் காலத்தில் நடந்த ஒரு செய்தியை விட்டுவிட மனமில்லை. 1871 இலையுதிர் காலத்தில் முசோர்க்ஸ்கியும் ரிம்ஸ்கி-கோர்சகோவும் பீட்டர்ஸ்பர்க்கில் ஒரே அறையில் குடியிருந்தார்கள். இருந்தது ஒரே பியானோ. காலையில் அது முசோர்க்ஸ்கிக்கு; அந்நேரம் ரிம்ஸ்கி-கோர்சகோவ் மேசையில் அமர்ந்து தம் ஸ்கோரைப் படியெடுப்பார் அல்லது வாத்தியங்களுக்குப் பிரித்து எழுதுவார். நண்பகலில் முசோர்க்ஸ்கி அலுவலகத்துக்குக் கிளம்பியதும் பியானோ அவருக்குக் கிடைக்கும். முசோர்க்ஸ்கி ‘போரிஸ்’ஸின் இரண்டாம் வடிவத்தையும், ரிம்ஸ்கி-கோர்சகோவ் தம் ‘பிஸ்கோவ் நங்கை’ ஓபராவையும் இப்படித்தான் எழுதினார்கள். பின்னாளில் இந்த ஓபராவைத் தலைகீழாகத் திருத்தியவர், அது பிறந்தபோது அதே சுவர்களுக்குள் இருந்து ஒவ்வொரு சுரத்தையும் கேட்டவர்.

1873 பிப்ரவரியில் மரீன்ஸ்கி அரங்கில் மூன்று காட்சிகள் மட்டும் மேடையேறின. முழு ஓபராவின் முதல் நிகழ்ச்சி, ரஷ்யாவின் பழைய நாட்காட்டிப்படி 1874 ஜனவரி 27 அன்று நடந்தது. எதுவார்த் நாப்ராவ்னிக் நடத்தினார், போரிஸாகப் பாடியவர் இவான் மேல்னிக்கோவ். முழு ஓபரா என்று சொன்னேன். ஆனால் அன்று பீமெனின் அறைக் காட்சி இடம்பெறவில்லை. அதே மாதத்தில் பெஸ்ஸல் இசைப்பதிப்பு நிறுவனம் பியானோ ஸ்கோரை வெளியிட்டது. பீமெனின் காட்சி அச்சில் இருந்தது. ஆகவே முதல் நாளிலிருந்தே அரங்கில் ஒரு போரிஸ், கடையில் இன்னொரு போரிஸ் என்ற நிலை உருவாகிவிட்டது. அந்தப் பியானோ ஸ்கோரின் முகப்பில்தான், மக்களை ஒரே எண்ணத்தால் உயிர்பெற்ற ஒரு மாபெரும் ஆளாகத் தாம் காண்பதாகவும், அதை ஓபராவில் தீர்த்துக் காட்ட முயன்றிருப்பதாகவும் முசோர்க்ஸ்கி எழுதிய காணிக்கை வரிகள் இருக்கின்றன.

பியானோ ஸ்கோர் என்பது என்ன என்று இங்கே சொல்லிவிட வேண்டும். பாடகர்களின் வரிகள் எல்லாம் மேலே முழுமையாக இருக்கும். வாத்தியக்குழு வாசிப்பவை அனைத்தும் இரண்டு கைகளுக்கு அடங்கும்படி சுருக்கப்பட்டுக் கீழே இரண்டு வரிகளில் இருக்கும். பாடகர் பயிற்சி செய்யவும், வீட்டில் பியானோ வைத்திருக்கும் இசைப்பிரியர் மாலை நேரத்தில் வாசித்துப் பார்க்கவும் அது போதும். மெட்டும் லயமும் சுரக்கூட்டுகளும் அதில் இருக்கும். எந்தச் சுரத்தை எந்த வாத்தியம் வாசிக்கிறது என்பது இருக்காது. முழு ஸ்கோரில் ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தனி வரி உண்டு. அதைத் தகட்டில் செதுக்கி அச்சிடப் பெரும் பணம் பிடிக்கும். வாங்குவோரோ மிகச் சிலர். ஆகவே அக்காலத்தில் பெரும்பாலான ரஷ்ய ஓபராக்களின் முழு ஸ்கோர், அரங்கின் நூலகத்தில் கையெழுத்துப் பிரதியாகவே கிடந்தது. வேறோர் அரங்குக்கு வேண்டுமானால் படியெடுத்துக் கொடுப்பார்கள். பெஸ்ஸல் செய்தது வழக்கத்துக்கு மாறானதல்ல, வியாபார நியாயத்துக்கும் உட்பட்டதுதான். ஆனால் அதன் விளைவு, முசோர்க்ஸ்கியின் வாத்திய அமைப்பு நன்றாக இருக்கிறதா மோசமாக இருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல மரீன்ஸ்கிக்கு வெளியே யாருக்கும் வழியில்லாமல் போயிற்று. அரங்கில் கேட்டவர்கள் சொன்னதே தீர்ப்பு. இசையமைப்பாளரும் விமர்சகருமான சேசார் குயீ, முசோர்க்ஸ்கியின் நண்பர் வட்டத்தைச் சேர்ந்தவராக இருந்தும், அவசரமான, தன்னிறைவில் மூழ்கிய எழுத்து என்று பத்திரிகையில் கடுமையாக எழுதினார். 1881-இல் முசோர்க்ஸ்கி இறந்தார். அடுத்த ஆண்டே ஓபரா மரீன்ஸ்கியின் பட்டியலிலிருந்து எடுக்கப்பட்டது. முழு ஸ்கோர் அலமாரிக்குப் போயிற்று. பியானோ ஸ்கோர் மட்டும் உலகத்தில் உலாவியது.

அது எங்கெங்கே போயிற்று என்பது ஒரு தனிச் சுவையான கதை. 1870-களில் ரஷ்யப் பயணம் சென்ற பிரெஞ்சு இசையமைப்பாளர் சேன்-சான்ஸ் ஒரு பிரதியைப் பாரீசுக்கு எடுத்துவந்ததாகவும், அது கைமாறிக் கைமாறி இளம் இசையமைப்பாளரான தெபுசியிடம் வந்ததாகவும் சொல்லப்படுகிறது. தெபுசி அதைத் தொடக்கத்தில் பெரிதாகப் புரட்டவில்லை என்றும் அதே மரபு சொல்கிறது; ஆனால் முசோர்க்ஸ்கியின் எழுத்தை அவர் பின்னாளில் எவ்வளவு மதித்தார் என்பதில் ஐயமில்லை. இதில் கவனிக்க வேண்டியது, பிரான்சில் முசோர்க்ஸ்கியைப் பற்றி முதலில் ஆர்வம் கொண்டவர்கள் அவரை வாத்தியக்குழு இல்லாமல், பியானோவின் கறுப்பு வெள்ளையில், திருத்தப்படாத சுரக்கூட்டுகளோடு அறிந்தார்கள் என்பதே. முடிசூட்டுக் காட்சியின் தொடக்கத்தில், அடியில் சி என்ற சுரம் அசையாமல் நிற்க, ஒன்றுக்கொன்று வெகுதூரத்திலுள்ள இரண்டு சுரக்கூட்டுகள் மாறிமாறி மணியோசை போல ஒலிக்கும். இரண்டுக்கும் பொதுவாக இரண்டு சுரங்கள் இருப்பதால் ஒன்று மற்றொன்றாக உருமாறுவது போலத் தோன்றும், ஆனால் எந்த வீட்டுக்கும் போய்ச் சேராது. அந்தப் பக்கத்தைப் பியானோவில் மெதுவாக வாசித்துப் பாருங்கள். கிரெம்ளின் மணிகளும் இல்லை, மக்கள் கூட்டமும் இல்லை. இருந்தும் அது 1870-களுக்கு உரிய இசை என்று நம்பக் கடினமாக இருக்கிறது. அதன்பின் கூட்டம் பாடும் ‘ஸ்லாவா’ வாழ்த்துப்பாட்டு முசோர்க்ஸ்கியின் கற்பனையல்ல. 1790-இல் அச்சான நாட்டுப்பாடல் தொகுப்பிலேயே உள்ளது, பேத்தோவன் தம் ரசுமோவ்ஸ்கி நாற்கருவி இசையொன்றில் முன்பே எடுத்தாண்டது.

இனி ரிம்ஸ்கி-கோர்சகோவுக்கு வருவோம். நண்பரின் படைப்புகளை அச்சுக்கும் மேடைக்கும் கொண்டுவரும் பொறுப்பை அவர் ஊதியம் வாங்காத கடமையாக ஏற்றுக்கொண்டார். முடிவுறாமல் கிடந்த ‘கோவான்ஷினா’வை 1880-களின் தொடக்கத்தில் முடித்துக் கொடுத்தார். ‘போரிஸ்’ஸைத் துண்டு துண்டாகத் தொட்டு, 1896-இல் முழுமையாகத் திருத்தி வெளியிட்டார், அவ்வாண்டு நவம்பரில் பீட்டர்ஸ்பர்க் இசைக்கல்லூரியின் மண்டபத்தில் தாமே நடத்தினார். 1898-இல் மாமந்தவின் தனியார் ஓபராக்குழு மாஸ்கோவில் அதை மேடையேற்றியபோது போரிஸாகப் பாடியவர் ஃபியோதர் ஷல்யாப்பின். அதற்குப் பிறகு அந்தப் பதிப்பையும் அந்தக் குரலையும் பிரித்துப் பார்க்க யாராலும் முடியவில்லை.

வாத்தியங்களை மட்டுமா மாற்றினார்? இல்லை. சுரக்கூட்டுகளை மென்மையாக்கினார், குரல் வரிகளை நகர்த்தினார், சில இடங்களில் சுருதியையும் லயக் குறிப்புகளையும் மாற்றினார். 1896-இல் நீளமான வெட்டுகளும் உண்டு: இவான், ஃபியோதர் என்ற முன்னாள் மன்னர்களைப் பற்றிப் பீமென் சொல்லும் கதை, கிளிக்கதை, மணியடிக்கும் கடிகாரம், நீரூற்றருகே பொய்த் திமித்ரியும் ஜேசுசபைப் பாதிரியும் பேசும் காட்சி, பொலொனேஸ் நடனத்துக்குப் பிறகான தனிமொழி ஆகியவை போயின. 1908-இல் வெளியான இரண்டாம் திருத்தத்தில் இவற்றைத் திரும்பச் சேர்த்தார். எல்லாவற்றையும் விடப் பெரிய மாற்றம் கடைசி இரண்டு காட்சிகளின் வரிசை. முசோர்க்ஸ்கியின் இரண்டாம் வடிவத்தில் போரிஸ் சாகிறான், பிறகு கிரோமிக் கலகம், பிறகு பித்தனின் புலம்பல். ரிம்ஸ்கி-கோர்சகோவ் கலகத்தை முன்னே தள்ளி, போரிஸின் சாவைக் கடைசியாக்கினார். மக்களே ஒரு பாத்திரம் என்று காணிக்கையில் எழுதியவரின் ஓபரா, ஒரு மன்னனின் மனச்சாட்சி நாடகமாக மாறிவிட்டது. ஷல்யாப்பினைப் போன்ற நடிகருக்கு அதைவிடச் சிறந்த முடிவு கிடைக்காது என்பதும் உண்மைதான்.

ஒலியில் என்ன நடந்தது என்பதற்கு ஓபராவின் முதல் சில அளவைகளே போதிய சான்று. முசோர்க்ஸ்கி தொடக்க மெட்டைப் பசூன் என்ற தாழ்குரல் ஊதுகருவிகளிடம் விட்டார்: நாட்டுப்புறத்து முனகல் போல, மெருகில்லாமல், ஏதோ நடுவிலிருந்து தொடங்குவது போல. ரிம்ஸ்கி-கோர்சகோவ் அதோடு இங்கிலிஷ் ஹார்ன் என்ற ஊதுகருவியைச் சேர்த்தார். உடனே அந்த முனகலுக்கு ஓர் அழகிய துயரம் வந்துவிடுகிறது. இரண்டும் ஒரே சுரங்கள்தாம். ஆனால் முன்னதில் யாரோ ஒரு குடியானவன் இருக்கிறான், பின்னதில் குடியானவனைப் பற்றி ஒரு கலைஞன் வரைந்த ஓவியம் இருக்கிறது. ஓபரா நெடுகிலும் இந்த வேறுபாடே வளர்ந்துகொண்டு போகிறது. முசோர்க்ஸ்கி எப்போதும் சரியாகவே செய்தார் என்று நான் வாதாடவில்லை. போலந்துப் பொலொனேஸை முதலில் பிரெஞ்சு அரசவையின் 24 வயலின்களை நினைத்து ஏறக்குறையத் தந்தி வாத்தியங்களுக்கே எழுதினார் என்றும், அது எடுபடவில்லை என்றும் ரிம்ஸ்கி-கோர்சகோவ் தம் நினைவுக்குறிப்பில் எழுதியிருக்கிறார்; நடனக் காட்சிக்கு அது போதாது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

ரிம்ஸ்கி-கோர்சகோவைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது இன்று எளிது. எனக்கு அதில் விருப்பமில்லை. முன்பிருந்த வடிவத்தைத் தாம் அழிக்கவில்லை, பழைய சுவரோவியத்தின் மேல் என்றென்றைக்குமாக வண்ணம் பூசிவிடவில்லை, மூலமே மேலானது என்று ஒருநாள் முடிவானால் தம் திருத்தத்தைக் கைவிட்டு மூலத்தையே நடத்தட்டும் என்று அவரே எழுதிவைத்திருக்கிறார். நேர்மையான சொல். ஆனால் அந்தச் சொல் நிறைவேற ஒரு நிபந்தனை இருந்தது: மூலம் அச்சில் இருக்க வேண்டும். அவருடைய திருத்தத்தின் முழு ஸ்கோரைப் பெஸ்ஸல் 1896-இலேயே அச்சிட்டு விற்றது. முசோர்க்ஸ்கியின் சொந்த முழு ஸ்கோர் முதன்முதலாக அச்சானது 1928-இல். இடைப்பட்ட 32 ஆண்டுகளில் ஓர் ஓபரா அரங்கு ‘போரிஸ்’ஸை நடத்த விரும்பினால், வாத்தியக்குழுவின் மேசைகளில் வைக்கக்கூடிய அச்சுத்தாள் ஒன்றே ஒன்றுதான் சந்தையில் கிடைத்தது. 1908 மே மாதம் கலைநிகழ்ச்சி அமைப்பாளர் தியாகிலேவ் பாரீசில் ஷல்யாப்பினை வைத்து நடத்தியதும் அதுதான். அந்த நிகழ்ச்சிக்காக முடிசூட்டுக் காட்சியை இன்னும் நீட்டித் தரும்படி கேட்டு வாங்கினார், விடுதிக் காட்சியை நீக்கினார். 1913-இல் நியூயார்க்கில் டாஸ்கனினி இத்தாலிய மொழியில் நடத்தியதும் அதுவே. யாரும் சதி செய்யவில்லை. கிடைத்ததை வாசித்தார்கள்.

பாரீசில் பியானோ ஸ்கோரின் பழைய பிரதிகளை அறிந்திருந்த சிலர் அப்போதே முணுமுணுத்தார்கள். அவர்கள் கையில் இருந்த 1874 பிரதியிலுள்ள சுரக்கூட்டுகள் மேடையில் ஒலித்தவற்றோடு பொருந்தவில்லை. பியானோ ஸ்கோர் மட்டும் அச்சாகியிருக்காவிட்டால் இந்த முணுமுணுப்பும் எழுந்திருக்காது; மூலம் என்று ஒன்று உண்டு என்பதே மறந்துபோயிருக்கும். முழு ஸ்கோர் அச்சாகாதது ஓபராவைத் திருத்துவோர் கையில் ஒப்படைத்தது. பியானோ ஸ்கோர் அச்சானது அவர்களுக்கு எதிரான சாட்சியைக் காப்பாற்றிவைத்தது.

1928-இன் பதிப்பைச் செய்தவர் மாஸ்கோ இசையறிஞர் பாவெல் லாம். பியானோ ஸ்கோரையும் முழு ஸ்கோரையும் சோவியத் அரசு இசைப்பதிப்பகமும் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழக அச்சகமும் சேர்ந்து வெளியிட்டன. கையெழுத்துப் பிரதிகளை ஒப்பிட்டு, முசோர்க்ஸ்கி எழுதியவை என்று கிடைத்த எல்லாவற்றையும் ஒரே உடலில் பொருத்த முயன்றார் லாம். அந்தப் பக்கங்களைப் புரட்டும்போது மரியாதையும் அலுப்பும் ஒருங்கே வருகின்றன. ஒரு சுரம் மாறினாலும் அடிக்குறிப்பு உண்டு. ஆனால் 1869-இன் இசையும் 1872-இன் இசையும் ஒரே ஓட்டத்தில் அடுத்தடுத்து வைக்கப்பட்டிருப்பதால், எது எந்த ஆண்டு முடிவு என்பது வாசிப்பவருக்குக் குழம்பிவிடுகிறது. முசோர்க்ஸ்கி வேண்டாம் என்று வெட்டியதும், வெட்டியதற்குப் பதிலாக எழுதியதும் பக்கத்துப் பக்கத்தில் வாழ்கின்றன. இதன் விளைவு மேடையில் உடனே தெரிந்தது. புனித பசீல் தேவாலயக் காட்சியையும் கிரோமிக் காட்சியையும் இரண்டையுமே வைத்துக்கொள்ளும் ஆசை அரங்குகளுக்கு வந்தது; ஆசைப்பட்டால், சிறுவர்கள் பித்தனிடம் காசு பிடுங்கும் நிகழ்ச்சி இரண்டு முறை வரும். அதைத் தவிர்க்க ஏதேனும் ஓரிடத்தில் வெட்ட வேண்டும். ரிம்ஸ்கி-கோர்சகோவின் திருத்தத்தில் பசீல் காட்சியே கிடையாது என்பதால், மாஸ்கோவின் பல்ஷோய் அரங்கு இசையமைப்பாளர் இப்போலித்தவ்-இவானவைக் கொண்டு அந்த ஒரு காட்சிக்கு அதே பாணியில் வாத்திய அமைப்பு எழுதி வாங்கி, 1927-இல் சேர்த்துக்கொண்டது. பல்ஷோயின் புகழ்பெற்ற 1948 தயாரிப்பு இந்தக் கலவையைத்தான் பயன்படுத்தியது; பல தலைமுறைகளுக்கு ‘உண்மையான ரஷ்ய போரிஸ்’ என்றால் அதுவே.

லாமின் பியானோ ஸ்கோரை மேசையில் வைத்துக்கொண்டு 1939, 1940 ஆண்டுகளில் சோவியத் இசையமைப்பாளர் ஷோஸ்தகோவிச் செய்த வேலை எனக்கு இந்த வரலாற்றில் மிகவும் பிடித்த அத்தியாயம். சுரங்களையும் சுரக்கூட்டுகளையும் முசோர்க்ஸ்கி எழுதியபடியே விட்டுவிட்டு, வாத்திய அமைப்பை மட்டும் அவர் புதிதாக எழுதினார். அதாவது, முசோர்க்ஸ்கி சொன்னதைத் திருத்துவதற்கில்லை, அதைச் சொன்ன குரல்தான் போதவில்லை என்பது அவர் நிலை. மணிகள், பியானோ, செலெஸ்டா, சைலஃபோன் எல்லாம் வந்து சேர்கின்றன. கூட்டத்துக் காட்சிகளில் அவருடைய சொந்த சிம்பொனிகளின் கனம் ஏறிவிடுகிறது. சில இடங்களில் அது முசோர்க்ஸ்கியை விழுங்கிவிடுகிறது என்றே சொல்வேன். ஆனால் கடிகாரக் காட்சியைக் கேட்டவர்கள் அதை மறக்க மாட்டார்கள். போர் குறுக்கிட்டதால் இந்தப் பதிப்பு மேடையைக் காண 1959 வரை காத்திருந்தது. லெனின்கிராதின் கீரவ் அரங்கில், அதாவது பழைய மரீன்ஸ்கியில், அது நடந்தது. நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அரங்குக்காகக் கரோல் ராத்ஹவுஸ் செய்து 1953-இல் நடந்த இன்னொரு திருத்தமும் உண்டு. மூலத்துக்கு நெருக்கமாக இருந்து, தேவைப்படும் இடத்தில் மட்டும் ஒலியைப் பலப்படுத்துவது அதன் நோக்கம். இசைக்குழு நடத்துநர் ஸ்டொகோவ்ஸ்கி 1936-இல் பாடல் வரிகளே இல்லாமல் வாத்தியக்குழுவுக்கு மட்டுமாக ஓபராவை ஒரு நீண்ட சிம்பொனித் தொகுப்பாக்கினார். கேட்க நன்றாக இருக்கும், ஆனால் சொல்லே இசையான ஒரு ஓபராவிலிருந்து சொல்லை எடுத்தால் எஞ்சுவது என்ன என்ற கேள்வியை அது தொடவே இல்லை.

குழப்பத்தை ஓரளவு தீர்த்தது 1975-இல் ஆக்ஸ்போர்டு வெளியிட்ட டேவிட் லாய்டு-ஜோன்ஸின் முழு ஸ்கோர். இரண்டு பெரிய தொகுதிகள். ஆசிரியரின் இரண்டாம் வடிவத்தை முதன்மை உரையாக வைத்து, முதல் வடிவத்துக்கு உரியவற்றைத் தனியே பிரித்து, எது எங்கிருந்து வந்தது என்று சொன்னார். அரங்குகளும் இசைத்தட்டு நிறுவனங்களும் உடனே அதைப் பற்றிக்கொண்டன. அடுத்த ஆண்டே யேர்சி செம்கோவ் நடத்தி, பின்லாந்துப் பாடகர் மார்த்தி தால்வேலா போரிஸாகப் பாடிய ஒலிப்பதிவு வந்தது. 1983-இல் லண்டன் கோவென்ட் கார்டனில் கிளாதியோ அப்பாதோ நடத்த, திரைப்பட இயக்குநர் தார்க்கோவ்ஸ்கி மேடையமைத்த நிகழ்ச்சி முசோர்க்ஸ்கியின் சொந்த வாத்திய அமைப்பில் நடந்தது. முசோர்க்ஸ்கிக்கு வாத்தியக்குழுவுக்கு எழுதத் தெரியாது என்ற நூறாண்டுத் தீர்ப்பு, அதைத் தாளில் பார்க்கவும் அரங்கில் கேட்கவும் வாய்ப்புக் கிடைத்த பத்தே ஆண்டுகளில் கரைந்துபோனது. பீமென் எழுதிக்கொண்டிருக்கும்போது தாழ்ந்த தந்திகளில் ஓயாமல் ஊர்ந்துகொண்டிருக்கும் அந்தச் சிறு சுரத்தொடரைப் பாருங்கள். இறகுப்பேனா தாளில் உரசும் ஓசை அது. அங்கே நிறத்தைக் கூட்டினால் பேனா மறைந்துவிடும்.

1997-இல் இசைக்குழு நடத்துநர் வலேரி கேர்கியேவ் 1869-ஐயும் 1872-ஐயும் தனித்தனியே பதிவுசெய்து, பின்னர் ஒரே பெட்டியில் வெளியிட்டபோது, இரண்டும் இரண்டு ஓபராக்கள் என்பது காதுக்கும் நிரூபணமாயிற்று. ஸ்கோர்களை வாங்கும் வசதி இல்லாதவர்களும் இன்று 1874 பியானோ ஸ்கோரையும் ரிம்ஸ்கி-கோர்சகோவின் பதிப்புகளையும் இணைய இசைநூலகங்களில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். ஒப்பிட விரும்புவோர் முழுவதையும் எடுத்துக்கொண்டு மலைக்க வேண்டாம். முடிசூட்டுக் காட்சியின் முதல் பக்கங்களும் மாளிகை அறைக் காட்சியில் போரிஸின் தனிமொழியும் போதும்.

அண்மைக் காலத்தில் இன்னொரு திருப்பம் வந்திருக்கிறது. பெரிய அரங்குகள் ஒன்றன்பின் ஒன்றாக 1869 வடிவத்தைத் தேர்ந்தெடுக்கின்றன: 2016-இல் கோவென்ட் கார்டன், 2021-இல் மெட்ரோபாலிட்டன், 2022 டிசம்பரில் மிலானின் லா ஸ்காலா. மூலத்தின் மூலம், சமரசம் செய்யாத முசோர்க்ஸ்கி என்றெல்லாம் அறிவிப்புகள் புகழ்கின்றன. அந்த வடிவத்தின் இறுக்கத்தை நானும் விரும்புகிறேன். பசீல் தேவாலயத்து முற்றத்தில் பித்தன் மன்னனைப் பார்த்து, இளவரசனைக் கொன்றதுபோல இந்தச் சிறுவர்களையும் கொன்றுவிடு என்று கேட்கும் இடத்துக்கு நிகராக ஓபராவில் அதிகமில்லை. ஆனால் இந்தத் தேர்வு முழுக்க முழுக்கக் கலைக்காக என்று நம்ப எனக்குக் கொஞ்சம் கடினமாக இருக்கிறது. 1869 வடிவம் குறுகியது. வேண்டுமானால் இடைவேளையே இல்லாமல் நடத்திவிடலாம். போலந்து அங்கம் இல்லாததால் நடனக்காட்சி இல்லை, போலந்துச் சீமாட்டி மரீனாவுக்கும் ஜேசுசபைப் பாதிரி ரங்கோனிக்கும் பாடகர்களைத் தேட வேண்டியதில்லை, கிரோமிக் கலகத்துக்கு மேடை நிறையக் கூட்டம் வேண்டியதில்லை. முக்கியமான பெண் பாத்திரம் இல்லை என்று 1871-இல் குழு எதைக் குறையாகச் சொன்னதோ, அதுவே இன்று வரவு செலவுக் கணக்கில் வசதியாக அமைந்துவிட்டது. இரண்டாம் வடிவத்தை அவர் விரும்பி எழுதவில்லை, வற்புறுத்தலால் எழுதினார் என்ற பழைய சுருக்கமும் இந்த வசதிக்குத் துணையாக மறுபடி கையேடுகளில் தலைகாட்டுகிறது. மாளிகை அறைக் காட்சியின் இரண்டு வடிவங்களையும் ஒரு முறை வாசித்துப் பார்த்தவர்கள் அந்தக் கையேட்டு வரியை எழுத மாட்டார்கள்.